அந்த ஒரு ஸ்வரம்

"இன்னைக்கு இந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவு கட்டணும். இல்லைன்னா நீங்க வீட்டைக் காலி பண்ணணும்."

சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி உள்ளே வந்தார் குடியிருப்பின் செக்ரட்டரி. பக்கத்து வீட்டுக்காரரும் அவரேதான்.

பேஸ் கிதார்க்காரன் பதறி எழுந்தான். அந்தக் கட்டடத்தில் அவனுக்கு 'இடி' என்றுதான் பெயர்.

"மத்த ஸ்வரமெல்லாம் பூனை மாதிரி போகுது சார். தடிச்ச தந்தியில ஒண்ணே ஒண்ணு மட்டும் முழங்குது."

"அந்த ஒண்ணுதான் எங்க ஷோகேஸையே ஆட்டுது!"

"பகல்லதானே சார் வாசிக்கிறாரு?" என்றாள் அவன் மனைவி. "நீங்களும் உங்க வீட்டம்மாவும் வேலைக்குப் போயிடறீங்க. யாருக்குத் தொந்தரவு?"

"அம்மாவையும் தம்பி வீட்டுல விட்டாச்சு. பகல்ல ஈ காக்கா கிடையாது. இப்பக்கூடப் பூட்டிட்டுத்தான் வர்றேன். அதுக்காகச் சுவரு இடிஞ்சு விழணுமா?"

அவள் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஈ காக்கா இல்லாத அந்த வீட்டிலிருந்துதான், அந்த ஸ்வரம் முழங்கும்போதெல்லாம், சுவரில் டொக் டொக் என்று பதில் வருகிறது.

'அதிர்வுல ஏதாவது சாமான் ஆடும், போடி' என்று கணவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கிதாரை எடுத்தாலே சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கிதார்க்காரன் காரியத்தில் இறங்கினான். ஆம்ப்ளிஃபையர், செக்ரட்டரி வீட்டுச் சுவரை ஒட்டிய மூலையில், தரையில் உட்கார்ந்திருந்தது.

"தப்பு என் மேலதான் சார். மூலையில வெச்சா அடிச்சத்தம் பெருகிடும். பக்கத்துலயே உட்கார்ந்து வாசிக்கிற எனக்கு அது தெரியலை. பத்தலைன்னு பேஸ் குமிழை வேற முறுக்கி வெச்சிருக்கேன்."

புருஷனும் பெண்டாட்டியுமாக அதை அறையின் நடுவுக்கு இழுத்து, நாற்காலி மேல் ஏற்றினார்கள். பேஸ் குமிழைக் குறைத்து, நடுத்தர ஒலிக்கான மிட் குமிழைக் கொஞ்சம் கூட்டினான். வாசித்தான்.

எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் வந்தன. ஜன்னல் கண்ணாடி ஆடவில்லை. மேஜை மேல் இருந்த டம்ளரும் வாயைத் திறக்கவில்லை.

"இவ்வளவுதானா? இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல!" செக்ரட்டரி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தியா, உன் பேயும் ஓடிடுச்சு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ஆம்ப்ளிஃபையரை அணைத்தான்.

அறை அமைதியானது.

டொக். டொக்.

கிதார்க்காரனின் சிரிப்பு அப்படியே நின்றது. தந்தி எதுவும் அதிரவில்லை. அவன் கை மடியில் இருந்தது.

டொக். டொக்.

"குழாய்ல காத்து" என்றார் செக்ரட்டரி. சாவிக்கொத்து சுழலவில்லை. "பழைய கட்டடம் பாருங்க. சரி, எனக்கு வேலை இருக்கு..."

இத்தனை நாள் பயந்து ஓடியவள், மெல்லச் சுவரருகே போனாள். விரலை மடக்கி மூன்று முறை தட்டினாள்.

அந்தப் பக்கமிருந்து மூன்று வந்தது.

"குழாய்க்கு எண்ணத் தெரியுமா சார்?"

அவள் சுவரில் காதை வைத்தாள். இத்தனை நாளும் அந்த முழக்கத்தில் அமுங்கிக் கிடந்த குரல், நூல் மாதிரி மெலிசாக வந்தது.

"ஏம்பா நிறுத்திட்டே? வாசிப்பா... அந்தச் சத்தம் வந்தாத்தான் பக்கத்துல மனுஷங்க இருக்காங்கன்னு தெரியுது. எம் புள்ளை சாயங்காலம்தான் கதவைத் திறப்பான்."

அவள் கண் கலங்கி, கேட்டதை அப்படியே சொன்னாள். செக்ரட்டரி தரையைப் பார்த்தார்.

கிதார்க்காரன் ஆம்ப்ளிஃபையரை நாற்காலியிலிருந்து இறக்கி, தரதரவென்று பழைய மூலைக்கே இழுத்துப் போனான். பேஸ் குமிழைக் கடைசிவரை திருகினான்.

"என்னப்பா பண்றே? மொத்தக் கட்டடமும் சண்டைக்கு வந்துடும்!"

"வரட்டும் சார். எல்லாரும் வரட்டும்." அவன் விரல் தடித்த தந்திக்குப் போனது. "நீங்க சாவியை மட்டும் கையிலயே வெச்சுக்குங்க."