மறுபடியும் அளவா?

“போன மாசம்தானே அளவு எடுத்தாங்க. அதுக்குள்ள மறுபடியும் அளவா? பொண்ணுங்க அவ்வளவு வேகமாவா வளர்றாங்க?”

பார்த்தசாரதி இப்படிக் கேட்டபோது தலைவர் சைதூன் இன்னும் வந்து சேரவில்லை. அவர் புதுப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வரவேண்டும். ஆள் இல்லாதபோது கேட்பதில் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது.

செங்கல்பட்டில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த அறக்கட்டளை. விளையாட்டுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் யாரும் தப்பாக நடந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. செயலாளர் பார்த்தசாரதி, பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். கையெழுத்தைக் கண்டாலே சந்தேகப்படுகிற குணம் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

“அளவு எடுக்கறது யாரு? தலைவர். டிராக் சூட் தைக்கறது? தலைவரோட தையல் கடை. நல்லா இருக்கு இல்ல?”

“தையல் கூலி வாங்கறதில்லையே சார் அந்தக்கா” என்றார் குழு உறுப்பினர் ஏசுதாஸ்.

“இந்தக் காலத்துல சும்மா யாராவது தைப்பாங்களா? அதுதான்யா எனக்கு இன்னும் இடிக்குது.”

சாட்சிக்குக் கபடி கோச் செல்வராஜையும் வரவழைத்திருந்தார். செல்வராஜ் நாற்காலி நுனியில் பணிவாக உட்கார்ந்திருந்தார்.

“நான் கொறை சொல்லல சார். ஸ்கிரீனுக்குப் பின்னால போற பொண்ணு லேசுல வெளிய வர்றதில்ல. டோர்னமென்ட் வேற வந்துகினு கீது. நான் எப்போ பிராக்டீஸ் குடுக்கறது?”

நியாயமான கேள்வி. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக்கூட இவ்வளவு நேரம் அளவு எடுக்க மாட்டார்களே என்று பார்த்தசாரதிக்குத் தோன்றியது.

சைதூன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கடையிலிருந்து அப்படியே கிளம்பியிருக்க வேண்டும், கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. உட்காரக்கூட விடாமல் பார்த்தசாரதி ஆரம்பித்தார்.

“பெரியவங்க யாரும் பிள்ளைங்களோட தனியா இருக்கக்கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதான் மேடம். நீங்களே ஸ்கிரீன் போட்டுக்கிட்டா என்ன அர்த்தம்?”

“கதவு தொறந்துதான் சார் கீது. வாசல்ல அம்மாங்க குந்திகினுதான் கீறாங்க. பொண்ணுங்களுக்கு அளவு எடுக்கறப்போ ஸ்கிரீன் போடாம இன்னா பண்றது?”

“அதுக்கு இவ்வளவு நேரமா?”

சைதூன் பதில் சொல்ல வாயெடுத்தார். ஓரத்தில் இருந்த செல்வராஜை ஒரு தடவை பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

பதில் இல்லாதவர்கள்தான் வாயை மூடுவார்கள் என்பது பார்த்தசாரதியின் பேங்க் அனுபவம்.

“போன வருஷம் பொண்ணுங்ககிட்ட தப்பா நடந்த அந்த ஓட்டப்பந்தய கோச்சைக் கண்டுபுடிச்சி போலீஸ்ல குடுத்ததே இந்தக்காதானே சார்” என்று ஏசுதாஸ் இழுத்தார்.

“அதையும்தான் கேக்கறேன். புகார் போன் என்கிட்ட இருக்கு. மைதானத்துக்கு மைதானம் நம்பரை எழுதிப் போட்டிருக்கோம். இன்னிக்கு வரைக்கும் ஒரு பொண்ணு கூப்பிட்டதில்ல. இவங்களுக்கு மட்டும் யார் வந்து சொல்றாங்க?”

“அத மட்டும் கேக்காதீங்க சார்” என்றார் சைதூன்.

கேட்காதே என்றால் முடிந்தது கதை. பார்த்தசாரதி ஏசுதாஸை அர்த்தத்தோடு பார்த்தார். ஏசுதாஸ் மேஜையைப் பார்த்தார்.

சைதூனுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மெதுவாகச் சுருட்டினார்.

“நம்பிக்கை இல்லன்னா நான் எறங்கிக்கறேன் சார். என் கடையில தைக்கவும் வேணாம். ஆனா அளவு எடுக்கறத நிறுத்திடாதீங்க. வேற பொம்பள யாரையாச்சும் வெச்சி எடுங்க.”

“ரெடிமேட்ல எல்லா சைஸும் கெடைக்குதும்மா” என்றார் பார்த்தசாரதி.

செல்வராஜ் தலையாட்டி ஆமோதித்தார்.

அடுத்த டோர்னமென்ட் மாமல்லபுரம் கடற்கரையில். புதுத் தலைவர் பார்த்தசாரதி தன் கையாலேயே பெண்களுக்கு ரெடிமேட் டிராக் சூட் கொடுத்தார். பிறகு மைக்கைப் பிடித்தார். கடல் காற்றில் அவருடைய சால்வை நிற்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

“நான் பொறுப்புக்கு வந்தப்புறம் ஒரே ஒரு புகார்கூட வரலைன்னு பெருமையோட சொல்லிக்கிறேன்.”

எல்லோரையும்விட பலமாகக் கைதட்டியவர் செல்வராஜ்.

கூட்டம் கலைந்த பிறகு, அச்சரப்பாக்கத்திலிருந்து கபடி ஆட வந்திருந்த ஜெனிட்டா மட்டும் போகாமல் மணலில் நின்றாள். டிராக் சூட்டைப் பிரித்து அப்போதே போட்டிருந்தாள்.

“சார், சைதூன் ஆன்ட்டி இனிமே அளவு எடுக்க வர மாட்டாங்களா?”

“ஏம்மா, லூசா இருக்கா?”

“இல்ல சார்.”

“டைட்டா?”

“கரெக்டா கீது சார்.”

“அப்புறம் எதுக்கு அளவு?” பார்த்தசாரதி சிரித்தார்.

தூரத்தில் செல்வராஜ் விசில் ஊதினார். பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டிராக் சூட்டின் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அளவு எடுக்கறப்போ அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார்.”