தௌபீக்கின் மிச்சம்

2024 பிப்ரவரி 14, புதன்கிழமை. தஞ்சாவூரை அடுத்த ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் தௌபீக்கின் செல்கள் உயிரோடு இருந்தன. அவர் இறந்து நான்கரை மாதம் ஆகியிருந்தது.

கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்து அவர் மனைவி நுஸைபா முதலில் வந்த இடம் இதுதான். பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். பையில் அரை மீட்டர் வெள்ளைத் துணி இருந்தது.

அறுவை சிகிச்சையின்போது ஆராய்ச்சிக்கென்று எடுத்த கட்டித் துண்டை வாங்கிப்போய், கணவரின் கபருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும். அது ஏதோ பாட்டிலில் ஊறிக்கொண்டிருக்கும் என்று நினைத்திருந்தார்.

துண்டு இப்போது இல்லை என்றாள் ஆராய்ச்சி மாணவி ரோஸ்லின். அதிலிருந்து பிரித்த செல்களைத்தான் வளர்க்கிறார்கள். அவை உயிரோடு இருக்கின்றன.

நுஸைபா பார்க்க வேண்டும் என்றார்.

ரோஸ்லின் காட்டியது, செல்கள் ஒட்டியிருந்த, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய குவார்ட்ஸ் வில்லை. காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர்வது. செல்கள் ஒட்டியதும் அதிர்வின் வேகம் எவ்வளவு குறைகிறது, எத்தனை சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்தால் செல் இறுக்கமா, தளர்வா என்பது தெரியும்.

தௌபீக் நாற்பத்தொன்றாம் எண். அவருடைய செல்கள் மற்ற நாற்பது பேருடையதைவிட மிகவும் தளர்ந்திருந்தன. ரோஸ்லினின் ஆய்வேடே அந்த வித்தியாசத்தை நம்பித்தான் இருந்தது.

திரையில் அதிர்வின் வேகத்தைக் காட்டும் கோடு லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நுஸைபா பையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“அவங்க தார்ப்பாய்க் கடையில ஒரு நிமிஷம் ஒக்கார மாட்டாங்க. இங்க வந்து இப்படி ஒட்டிக்கிட்டாங்களா?”

அதற்கு வலிக்குமா என்று கேட்டார். வலிக்காது என்றாள் ரோஸ்லின்.

“உசுரோட இருக்கறத எப்படிம்மா அடக்கம் பண்றது?”

சம்மதத்தைக் குடும்பத்தார் திரும்பப் பெறலாம், பெற்றால் செல்களை அழித்துவிடுவோம் என்று ரோஸ்லின் சொன்னாள். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. நுஸைபா அதை இரண்டு முறை படித்தார். பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பதினொன்று நாற்பதுக்கு, செல்களைக் கொல்லும் ப்ளீச்சிங் கரைசல் வில்லையின்மேல் பாய்ந்தது.

கோடு ஏறத் தொடங்கியது. ஒன்பதாவது நிமிடம், எதுவும் ஒட்டாத வில்லையின் அளவுக்கு வந்து நேராக நின்றது. அதுவரை நுஸைபா மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

வளர்ப்புக் குடுவைகளிலும் கரைசலை ஊற்றி, எல்லாவற்றையும் ஒரு தாளில் வடிகட்டிக் கொடுத்தாள் ரோஸ்லின். நுஸைபா தாளை வெள்ளைத் துணியில் சுற்றினார்.

“அவ்வளவுதானம்மா? வேற எங்கயும் அவங்க இல்லையே?”

“இல்லக்கா.”

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் பொட்டலம் பாபநாசத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஏப்ரல் 3 அன்று, முன்பே திரவ நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்திருந்த நாற்பத்தொன்றாம் எண் குப்பிகள் மூன்றில் ஒன்றை ரோஸ்லின் வெளியே எடுத்து உருக்கினாள். செல்களில் நூற்றுக்கு எண்பத்தாறு உயிரோடு இருந்தன.