பயண அட்டைக்கு விடை கொடுத்தல்

வங்கி தந்த பயண அட்டையின் இந்த வருடக் கட்டணத்தை மிச்சம் பிடித்தால்தான் மகளின் பிரசவத்துக்கு விமானச் சீட்டு எடுக்க முடியும். பொன்னாத்தா அட்டையை மேசைமேல் போட்டாள்.

"உம்பட சகவாசமே வேண்டாம். இன்னைக்கே கணக்க முடி."

அட்டை மூக்கை உறிஞ்சியது. "ஏர்போர்ட் ஓய்வறையில ஓசிப் பணியாரம் வாங்கித் தந்தனேங்க, அம்மணி?"

"பணியாரத்துல ஏறியா பறக்கறது? அழுது காட்டாத."

"சரிங்க. அப்ப நான் கெளம்பட்டுங்களா?"

வாசல் தாண்டுகிறவர்களிடம் வெறுமனே 'போ' என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"போயிட்டு வா, கண்ணு."

"வந்துட்டேனுங்க!" என்றது அட்டை. "நீங்களே வரச் சொன்னதால கட்டணத்த இப்பவே எடுத்துக்கிட்டேன். பிரசவத்துக்கு அம்மா வரலைன்னு உங்க பொண்ணுகிட்ட நானே பக்குவமா சொல்லிடட்டுங்களா?"