பஞ்சு அடைத்த மணிகள்

மேடை விளக்கில், வரிசையாகத் தொங்கும் சீன அரசவை வெண்கல மணிகள் புதுப்பாத்திரம் போல மினுக்குகின்றன. எதிரே விருந்து மேசைகளில் பன்றி எலும்பும் தாமரைக்கிழங்கும் போட்ட சூப். அதன் கொழுப்பு வாடை லான்ஷினின் பட்டு அங்கி வரைக்கும் ஏறி ஒட்டிக்கொள்கிறது. மணியின் நடுவில் அடித்தால் ஒரு சுரம், ஓரத்தில் அடித்தால் இன்னொரு சுரம். அவள் பழக்கதோஷத்தில் இடம் பார்த்துத்தான் அடிக்கிறாள். இரண்டும் ‘தொப்’பென்று விழுகின்றன. ஒலிபெருக்கியில் ஓடும் பதிவோடு மோதாதபடி மணிகளின் வயிற்றில் பஞ்சு அடைத்திருக்கிறார்கள். வருடக்கணக்காகப் பழைய சுவடிகளில் தேடித்தேடி அவள் மீட்டெடுத்த அரசவைப் பாட்டு, ஒலிபெருக்கியில் டிஸ்கோ தாளத்தோடு குதிக்கிறது. திரை மறைவிலிருந்து மேலாளர் துங் பல் குத்திக்கொண்டே அவளிடம் சொல்கிறார்: “டீச்சர், எங்க அடிச்சா என்ன, யாருக்குக் கேக்கப்போகுது? கொஞ்சம் சிரிங்க, எல்லாரும் போன்ல படம் புடிக்கிறாங்க.” பக்கத்து மணியை வாசிக்கும் யின் என்பவள் முணுமுணுக்கிறாள்: “விடுக்கா, அந்தாளு மூஞ்சியப் பாத்தாலே கொமட்டுது.” திடீரென்று பதிவு நின்றுபோகிறது. மண்டபத்தில் சூப் உறிஞ்சும் சத்தம் மட்டும். பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசிக்கலாம். பாட்டு எல்லோருக்கும் அத்துப்படி. ஆனால் வாசிப்பவர்கள் அத்தனை பேரும் ஓங்கிய மரச்சுத்தியலை அந்தரத்தில் பிடித்தபடி, பதிவு மறுபடி வரட்டும் என்று சிலையாக நிற்கிறார்கள். இதுவும் அரசவை வழக்கம்தான் போலிருக்கிறது என்று கூட்டம் கைதட்டுகிறது. த்தூ, இதுகளும் கலைஞர்களா என்று லான்ஷின் மனதுக்குள் காறித் துப்புகிறாள். எதிரே மணியின் பளபளப்பில் அவள் உருவம் தெரிகிறது. அந்தக் கையும் அந்தரத்தில்தான் நிற்கிறது. உதட்டில், துங் கேட்ட சிரிப்பு.