பிசைந்த சோறு

கல்யாண மண்டபத்து மின்விசிறிகள் வெயிலைத்தான் அரைத்துக் கீழே கொட்டுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான கோடை முகாமில் இது மதியச் சாப்பாட்டு நேரம். இன்றைக்குக் கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள் முறை. அவர்கள் அனுப்பிய சாம்பார் சாதத்தின் மணம் பினாயில் வாடையோடு கலந்து நிற்கிறது. "அக்கா, இர்ஷாத்துக்கு இன்னைக்கு நான் ஊட்டுதேன். நீங்க அங்கன உக்காந்து சூடா சாப்பிடுங்க" என்று முகாமுக்கு உதவ வந்திருக்கும் அனுராதா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். "என் கையில தவிர திங்க மாட்டாம்மா" என்கிறாள் பாஜிலா. மகனுக்கு மீசை நரைக்கப் போகிற வயசிலும் அவள் சொல்லிக்கொண்டிருக்கிற பேச்சு அது.

சுவரோரம் இலை முன்னால் உட்காருகிறாள். தோளிலிருந்து இடுப்புவரை ஒரே வலி. கண் மகன் மேல் இருக்க, விரல்கள் தம்பாட்டுக்குக் கறிவேப்பிலையை ஒதுக்குகின்றன, மிளகாயைப் பொறுக்கிப் போடுகின்றன, பருக்கை தெரியாமல் சோற்றைக் கூழாகப் பிசைகின்றன. உருட்டிய கவளத்தோடு கை, வீட்டில் அவன் சாய்ந்திருக்கும் இடப்பக்கமாக நீள்கிறது. அங்கே வெறும் பாய்தான் கிடக்கிறது.

எதிரே அனுராதாவின் கைக்கு இர்ஷாத் வாயைத் திறக்கிறான். விழுங்குகிறான். மறுபடியும் திறக்கிறான்.

"பாத்தீயளாக்கா, திங்கான்!"

பாஜிலா தலையாட்டுகிறாள். கவளம் அவள் கையிலேயே இருக்கிறது. அவன் வாய் திறக்கும்போதெல்லாம் அவள் வாயும் கூடவே திறந்து மூடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லாமல்.