பத்மாவுக்கு ஒரு கட்டில்

"தனியப் படுக்கிற பிள்ளைக்கு உது காணும்," என்று அத்தான் குடைக்காம்பால் தட்டிக் காட்டினார்.

நாலு பக்கமும் மரச்சட்ட அளி வைத்த சின்னக் கட்டில். கோழி அடைக்கிற கூட்டுக்கு மேல்மூடி இல்லாவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அச்சுவேலியில் சூசைதாசனின் தச்சுப் பட்டறை அது. வாசலில் சாமான் ஏற்றுகிற மாட்டு வண்டில் ஒன்று நின்றது. இணுவிலில் இருந்து வாடகைக் காரில் வந்திருந்தோம். பத்மா என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

பத்மா என் அக்காவின் மகள். வயது நாலு. போன ஆவணியில் அக்கா நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து பிள்ளை என் பாயில்தான் படுக்கிறாள். என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடுவாள். நித்திரையாகிவிட்டாள் என்று விரலை மெல்ல உருவினால் திடுக்கிட்டு எழும்பி, "சின்னம்மா, நீங்களும் போயிடுவியளோ?" என்று கேட்பாள்.

அந்தப் பிள்ளையைத்தான் தனி அறையில் போடப்போகிறார்களாம்.

அத்தான் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அங்கே துரைவீட்டுப் பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்தே தனி அறையில், தனிக் கட்டிலில் படுக்கிறார்களாம். இணுவில் வீட்டில் நெல்மூட்டை அடுக்கியிருந்த அறையை ஒதுக்கி, வெள்ளையடித்து, யன்னலுக்குத் திரையும் போட்டாயிற்று. கேட்கிறவர்களுக்கெல்லாம் துரைவீட்டுக் கதைதான். நாலு நாள் அழுவாள், பிறகு பழகிவிடுவாள் என்று காரில் வரும்போதும் சொன்னார். தகப்பன் வாயில் வருகிற பேச்சா அது?

உண்மைக் கதை எனக்குத் தெரியாதா? வைகாசியில் அவருக்குக் கலியாணம்.

அக்கா போய் வருசம் முடிகிற ஆட்டைத் திவசம்கூட இன்னும் வரவில்லை. அதற்குள் பேசி முடித்து, நாள் வைத்து, தாலிக்குப் பொன் உருக்கத் தட்டாருக்கும் சொல்லியாயிற்று. பிள்ளைக்குத் தாய் வேண்டுமே என்று ஊர் முழுவதும் தலையாட்டியது. தாய் வருவதற்கு முதல் அந்தப் பிள்ளையைத் தூக்கி அடுத்த அறையில் போடுகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

கலியாணப் பெண்ணிடம் ஒருவராவது ஒரு சொல் கேட்டார்களா? இல்லை. பிள்ளையிடம்? அதுவும் இல்லை. என்னிடம் கேட்டதெல்லாம், கட்டில் பார்க்க வருகிறாயா என்று மட்டும்தான்.

முந்தியென்றால் அத்தானோடு ஒரே காரில் ஏற அம்மா விட்டிருக்கமாட்டாள். இன்று தானே படலை வாசல் வரை வந்து ஏற்றிவிட்டாள். நல்லதாகப் பார்த்து எடு என்று வேறு சொன்னாள்.

அத்தானுக்கு அளிக் கட்டில் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சூசைதாசன் சீவுளியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். நல்ல மனிதர். எங்கள் வீட்டு விவரம் ஒன்றும் தெரியாதவர். பிள்ளையின் உயரத்துக்கு அளவாகவே புதிதாக ஒன்று செய்து தரலாம் என்றார்.

"இந்த வாங்கிலை ஒருக்கால் கிடத்துங்கோ தங்கச்சி, அளந்துபோட்டு விடுறன்," என்று பக்கத்தில் கிடந்த நீளப் பலகையைக் காட்டி அளவுகோலை எடுத்தார்.

வைகாசிக்கு நாள் வைத்ததிலிருந்து நான் விழுங்கி விழுங்கி வைத்திருந்ததெல்லாம் அந்த மனிதர் தலையில் போய் விழுந்தது.

"கிடத்தி அளக்கிறது செத்த ஆக்களை! என்ரை பிள்ளையிலை உந்தக் கோலை வைச்சியளெண்டால், முறிச்சு அடுப்பிலை வைப்பன்!"

வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்ற கார்க்காரன் எட்டிப் பார்த்தான். பத்மா என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கனகம், சத்தம் போடாதை. ஆக்கள் பாக்கினம்," என்றார் அத்தான்.

பார்க்கட்டும். அக்கா உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் நான் அவர் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அதனால்தான் எதையும் என்னைக் கேட்காமலே செய்யலாம் என்று நினைத்துவிட்டார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பட்டறையின் உள்பக்கம் நடந்தேன். சுவரோரம் ஒரு பெரிய கட்டில் கிடந்தது. முதிரை மரம். யாரோ செய்யச் சொல்லிவிட்டு எடுக்க வராமல் விட்டது. மேலே இருந்த மரத்தூளை முந்தானையால் தட்டிவிட்டுப் பத்மாவை அதில் இருத்தினேன். அவளுக்குப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருந்தது.

"இதுதான்," என்றேன்.

அத்தான் சிரித்தார். விவரம் கெட்டவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற சிரிப்பு.

"உது ரெண்டு பேர் படுக்கிற கட்டிலல்லோ."

"ஓம். ரெண்டு பேர்தான் படுக்கப்போகினம்."

சூசைதாசன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மற்ற ஆள் ஆர் தங்கச்சி?"

"வைகாசியிலை இவர் தாலி கட்டப்போற பொம்பிளை."

அத்தானின் சிரிப்பு நின்றுவிட்டது. குடையைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுகிறவர்போல அங்கும் இங்கும் பார்த்தார். சூசைதாசன், பாவம், சண்டையை ஆற்றுவதாக நினைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"அதை அந்தப் பொம்பிளையல்லோ சொல்லவேணும், தங்கச்சி."

"அந்தப் பொம்பிளைதான் சொல்லுறன். கட்டிலை வண்டிலிலை ஏத்துங்கோ."