குண்டன் கடித்தது

"உண்மையைச் சொல்லுங்க. குண்டனுக்கு என்ன குடுத்தீங்க?"

ஆபீசிலிருந்து அரக்கப் பரக்க ஓடி வந்தவள், நாய் ஆஸ்பத்திரியில் நாலு பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் கணவன் மேல் பாய்ந்தாள்.

குண்டன் மேஜை மேல் கிடந்தது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. நெஞ்சு அடித்துக்கொள்வது வாசலிலிருந்தே தெரிந்தது.

"நான் ஒண்ணும் குடுக்கல..." என்றான் கணவன்.

அவள் எப்படி நம்புவாள்? கல்யாணமானதும் பிறந்த வீட்டிலிருந்து அவளோடு கிளம்பி வந்த நாய் அது. வந்த நாளிலிருந்து அவனுக்கு அது வேப்பங்காய். அது சோபாவில் ஏறினால் இவன் பால்கனிக்குப் போய்விடுவான். தப்பித் தவறித் தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுவான்.

"அவரைத் திட்டாதீங்கம்மா," என்றார் டாக்டர். "அவர் இதையும் கையோட எடுத்துட்டு ஓடி வந்தாரு. அதனாலதான் உங்க நாய் பிழைச்சுது."

தட்டில் ஒரு நீல இன்ஹேலர் இருந்தது. பல் பதிந்து ஓட்டையாகிக் கிடந்தது.

"மூச்சிரைப்புக்கு மனுஷங்க உறிஞ்சற மருந்து. நாம கொஞ்சம் கொஞ்சமா இழுப்போம். நாய் கடிச்சு ஓட்டை போட்டா உள்ளே இருக்கறது அத்தனையும் ஒரேயடியா அதுக்குப் போயிடும். இதயம் தறிகெட்டு ஓடும். என்னத்தைக் கடிச்சுதுன்னு தெரியாம நான் முழிச்சுக்கிட்டு இருந்திருந்தா ஆபத்து. இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும். நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குண்டனின் காதை வருடிக்கொண்டே, "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல டாக்டர்," என்றாள். கணவனிடம் திரும்பினாள். "உங்களுக்கும்தான். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல விடு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஆமா, இந்த இன்ஹேலர் யாரோடது?"

"என்னோடதுதான். பேன்ட் பாக்கெட்லேர்ந்து விழுந்திருக்கு."

"உங்களுக்கு ஆஸ்துமாவா? கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லலையே!"

"அப்ப இல்ல. அப்புறம்தான் வந்துது."

"அப்புறம்னாலும் என்கிட்ட எதுக்கு மறைக்கணும்? நான் என்ன மூணாவது மனுஷியா?"

நன்றி சொன்ன வாய் மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது. அவன் குண்டனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல நாய் இருக்கறதை உங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். முதல்ல நாயை யார்கிட்டயாவது குடுத்துடுங்க, இல்லேன்னா இது குறையவே குறையாதுன்னாரு."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"டாக்டரை மாத்திட்டேன் சார்."